அத்தை சொல்லாமல் விட்ட பெயர்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எதை எழுதத் தொடங்கினாலும் இந்த வரிதான் முந்திக்கொண்டு வந்து உட்காரும். இந்த ஒரு தடவை மட்டும் அதை எழுதக் கை கூசுகிறது. அந்தப் பட்டத்துக்காக வைத்த விருந்தில்தான் என் அத்தை பசெமேராவின் மூச்சு நின்றுபோகப் பார்த்தது.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. வயது நாற்பத்தேழு. புருஷன் தேயிலைத் தோட்டத்து லாரி கவிழ்ந்து செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு போட்டது அவள் கையிலிருந்த கரண்டிதான். உகாண்டாவில் எங்கள் ஃபோர்ட் போர்ட்டல் பக்கம் கல்யாணமோ, சாவோ, ஞானஸ்நானமோ, "சமையல் யாரு, அட்யேரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் கிளம்புவார்கள். கேழ்வரகுக் களியை யாரும் கிண்டிவிடலாம். ஃபிரிந்தா அப்படியில்லை. முந்தின நாளே பீன்ஸை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் உரித்து, வேகவைத்து, கட்டியில்லாமல் கடைய வேண்டும். அத்தை கடைந்த ஃபிரிந்தாவை வழித்து வழித்து இலை கிழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அவள் உப்பு பார்க்காமல் எந்தச் சட்டியும் அடுப்படியை விட்டு நகரக்கூடாது.

அட்யேரி என்பது அவளுடைய எம்பாகோ. தோரோ ஜனங்களான எங்களுக்குப் பிறந்த சில நாளில் அத்தைமார் கூடி, குழந்தையின் முகத்தைப் பார்த்து வைக்கிற செல்லப்பெயர் அது. மொத்தமே பன்னிரண்டு பெயர்கள்தான். ஊர் முழுக்க அதைத்தான் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் காலையில் எதிர்ப்படுகிறவரிடம் அந்தப் பெயரைச் சேர்க்காமல் நலம் கேட்டால் முகத்தில் துப்பினதற்குச் சமம். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் முதலில் நின்றுபோவது அந்தப் பெயர்தான். என்னுடையது அராலி. இருபத்துநான்கு வருஷத்துக்கு முன் என்னை மடியில் போட்டு அந்தப் பெயரை வைத்தது பசெமேரா அத்தை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வளர்ந்ததும் விட்டுப்போய்விட்டது என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அடுப்பே தொழிலான பிறகு அது முற்றிவிட்டது. நீலநிறப் பம்பு ஒன்றை உப்பு டப்பாவுக்குள் மறைத்து வைத்திருப்பாள். நெஞ்சு அடைக்கும்போது, "இலை அறுத்துட்டு வர்றேன்" என்று வாழைத் தோட்டத்துக்குள் போவாள். மரத்துக்குப் பின்னால் நின்று இரண்டு தடவை வாய்க்குள் அடித்துக்கொண்டு, பேருக்கு ஓர் இலையோடு திரும்புவாள்.

"அட்யேரி அறுக்கிற இலைக்கு அந்தத் தோட்டம் மொட்டையாயிருக்கணுமே," என்று கூடச் சமைக்கும் கபாஹூமா கேலி செய்வாள். கபாஹூமாவுக்கு விஷயம் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. லீவில் வந்தபோது உப்பு எடுக்கப் போய் டப்பாவைத் திறந்த எனக்கு மட்டும் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா அராலி," என்றாள் அன்றைக்கு. "அடுப்புக்காரி இருமினாலே டிபின்னுவாங்க. அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

நான் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் ஒன்றைப் பிறகு செய்தேன்.

பட்டம் வாங்கின மாதம் அப்பா ஊரையே அழைத்து விருந்து வைத்தார். கம்பாலாவிலிருந்து என் பேராசிரியர் ஒருவரும் கூடப் படித்தவர்களும் வருவதாக இருந்தது. நான் படித்தது விலங்கியல், ஆசிரியர் பயிற்சியோடு. மழைக்காலத்தில் எங்கள் வீட்டு முற்றம் எப்படி இருக்கும், அடுப்படி எப்படிக் கரிபிடித்துக் கிடக்கும் என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டுவிடுமே என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. சமையல் நடக்கிற இடத்தை நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மறைக்கச் சொன்னேன். விருந்தாளிகள் பக்கம் துளிப் புகை வரக்கூடாது என்றேன். பிறகு அத்தையிடம் போனேன்.

"அத்தை, அந்த டப்பா அன்னைக்கு வேணாம்."

"எந்த டப்பா?"

"உப்பு டப்பா. அதுக்குள்ள வச்சிருக்கீங்களே, அது. கம்பாலா ஆளுங்க வர்றாங்க. எவனாவது பாத்துட்டு டிபின்னு நெனச்சா சாப்பாட்டத் தொடமாட்டான். என் மானம் போயிடும்."

அத்தை பீன்ஸ் உரித்துக்கொண்டே சிரித்தாள். "உன் மானம் என் டப்பாக்குள்ளயா இருக்கு?"

"விளையாடாதீங்க. அரை நாள்தானே?"

உரித்த பருப்பைக் கிண்ணத்தில் போட்டாள். "சரிடா அராலி. படிச்சவன் சொல்றே. வீட்டு அலமாரியில வச்சிட்டு வர்றேன்."

மூச்சுக்குழாயின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கினவன் நான். அந்தக் குழாய் என் அத்தையின் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

விருந்துக்கு முந்தின நாள் நல்ல மழை. யூகலிப்டஸ் விறகு நனைந்துவிட்டது. காலையிலிருந்தே தார்ப்பாய்க்குள் புகை சுழன்றுகொண்டிருந்தது. பதினோரு மணிக்குப் பட்டமளிப்புக் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்கிற நண்பனோடு, சமைக்கிற பெண்களுக்கு வணக்கம் சொல்ல உள்ளே போனேன். கண் எரிந்தது.

"ஏ அராலி! குடையைத் தச்சு மாட்டிக்கிட்டியா?" என்றாள் கபாஹூமா. "மழை வந்தா எங்களையும் உள்ள விட்டுக்கோ!" எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வழக்கப்படி முழங்காலிட்டு, பெயர் சொல்லி, முறையாக நலம் கேட்டார்கள்.

அத்தை எழுந்திருக்கவில்லை. உரலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.

"அட்யேரி அத்தை, எப்படி விடிஞ்சது?"

நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தது. "நல்..." என்றாள். நின்றது. "...லா." அவ்வளவுதான். கையை மட்டும் அசைத்தாள்.

நான் காத்திருந்தேன். பத்துப் பெண்கள் பார்க்கிறார்கள், நண்பன் கேமராவோடு நிற்கிறான், எனக்கு அந்தப் பெயரை வைத்தவளே அதைச் சொல்ல மறுக்கிறாள். டப்பாவைக் கொண்டுவர வேண்டாம் என்றதற்கு ஊர் முன்னால் பழி வாங்குகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

"பட்டம் வாங்கினவன் பேரு வாயில வரமாட்டேங்குதோ?" என்றேன். "பரவால்ல. சமையலையாவது ஒழுங்கா பாருங்க."

சிரிப்பு நின்றுபோனது. திரும்பினேன். அங்கி விறகில் மாட்டிக்கொண்டது, இழுத்துக்கொண்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது அத்தையின் மூச்சு என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே வெளியே வந்தேன். இதை மறதி என்றோ அறியாமை என்றோ எழுதிவிட ஆசையாக இருக்கிறது. இரண்டும் இல்லை.

பேச்சுகள் முடிந்து பந்தி தொடங்க மணி இரண்டாகிவிட்டது. ஃபிரிந்தா வந்தது. என் பேராசிரியர் ஒரு வாய் எடுத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" என்றார். அடுத்த மேசையிலும் உப்பு கேட்டார்கள். அதற்கடுத்த மேசையிலும். நான் எடுத்துச் சுவைத்தேன். சப்பென்று இருந்தது. உப்பே இல்லை.

ரத்தம் தலைக்கேற, திட்டுவதற்குத்தான் அடுப்படிக்குப் போனேன். அத்தை அதே இடத்தில், தார்ப்பாய் கட்டிய கம்பில் சாய்ந்திருந்தாள்.

"சத்தம் போடாத அராலி," என்றாள் கபாஹூமா. "காலையிலேர்ந்து மூச்சு வாங்கிச்சு. புகைதான். இப்பதான் அந்த இரைச்சல் அடங்கி, அசந்து உக்காந்திருக்கா. அதான் நாங்களே சட்டிய எறக்கிட்டோம்."

எனக்கும் ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது. கிட்டே போனேன். அவள் அசந்திருக்கவில்லை. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டது. நகங்கள் சாம்பல் பூத்திருந்தன. முகமெல்லாம் வேர்வை.

"அத்தை, உப்பு..." என்று தொடங்கியவன் நிறுத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அ..." என்றாள். மிச்சம் வரவில்லை.

பேராசிரியரின் காரில் அவளைத் தூக்கிப் போட்டோம். அங்கியைக் கழற்றக்கூட நேரமில்லை. நடுவழியில் அப்பா, "மருந்து எதாவது வச்சிருப்பாளா?" என்றார். "தெரியல," என்றேன். மருந்து அவள் வீட்டு அலமாரியில் இருந்தது. நாங்கள் அந்த வீட்டுக்கு எதிர்த்திசையில் இருபது நிமிஷம் வந்திருந்தோம்.

டவுன் ஆஸ்பத்திரியில் அன்று பணியிலிருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். பெயர் கெமிகிசா. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டவரின் முகம் மாறியது. உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். மின்சாரம் இல்லாததால் மருந்தைப் புகையாக்கும் இயந்திரம் ஓடவில்லை. நர்ஸ் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். அதன் அடியில் ஓட்டை போட்டு நீலப் பம்பு செருகப்பட்டிருந்தது. பாட்டில் வாயை அத்தையின் உதட்டில் வைத்து, பம்பை ஒரு தடவை அழுத்தி, நாலைந்து மூச்சு இழுக்கவைத்து, மறுபடி அழுத்தினார். இப்படியே பத்துத் தடவை. பிறகு ஊசி, பிறகு சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்து.

"எப்பலேர்ந்து முழுசா பேச முடியல?" என்று டாக்டர் எங்களைக் கேட்டார்.

"இப்பதான்மா," என்றார் அப்பா. "அரை மணி, முக்கா மணி இருக்கும். அதுவரைக்கும் விசில் சத்தம்தான் இருந்துச்சாம். அது நின்னதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சிருக்காங்க."

"விசில் வரணும்னா காத்து போகணும்ல? காத்தே போகலன்னா சத்தம் எங்கேர்ந்து வரும்? சத்தம் நின்னதுதான் ஆபத்து." கையில் இருந்த தாளைப் பார்த்தபடி மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாம போனது எப்ப? எவ்வளவு நேரமா மூச்சுக்குப் போராடியிருக்காங்கன்னு எனக்குத் தெரியணும்."

பதினோரு மணி. எனக்கு நிமிஷக் கணக்கு தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். விரல்களை அங்கியின் கைக்குள் இழுத்துக்கொண்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். முகமூடிக்கு மேலே அத்தையின் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் பிழைத்தாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அவள் நெஞ்சில் மறுபடி விசில் கேட்டது. அதைக் கேட்டு டாக்டர் சிரித்தார்.

மறுநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். சளி சோதனை செய்தாயிற்று, டிபி இல்லை. இது ஆஸ்துமா, அதிலும் கடுமையான வகை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தட்டில் ஒட்டாது, கரண்டியில் ஒட்டாது.

"நீலப் பம்பு எத்தனை நாளைக்கு ஒண்ணு காலியாகும்?" என்று அத்தையைக் கேட்டார்.

"பதினஞ்சு நாளைக்கு."

"இத்தனை வருஷமா அது மட்டும்தானா?"

"அது போதும்னு நெனச்சேன்மா. அடிச்சா சரியாயிடும்."

"கூரை ஒழுகுதுன்னா கீழ சட்டி வைப்போம்ல, அந்தச் சட்டிதான் நீலம். இறுகிப்போன குழாயைக் கொஞ்ச நேரத்துக்குத் தளர்த்தும். ஆனா குழாயோட உள்பக்கம் வீங்கியே கிடக்கு, நீங்க நல்லா இருக்கிற நாள்லயும். கூரைய வேய்றது இந்தப் பழுப்புப் பம்பு. தினம் காலையில சாயங்காலம், மூச்சு நல்லா இருந்தாலும் போடணும். போட்டுட்டு வாயைக் கொப்புளிச்சுத் துப்புங்க. ரெண்டையும் பாட்டில் வழியாவே இழுங்க, நேரா அடிச்சா பாதி மருந்து தொண்டையிலயே தங்கிடும். நீலம் எப்பவும் கை எட்டுற தூரத்துல இருக்கணும். மாசாமாசம் வாங்க. இதுலயும் அடங்கலன்னா கம்பாலாவுக்கு அனுப்பறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கு ஏன் பம்பு பக்கத்துல இல்ல?"

அப்பா அவளைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மறந்து வச்சிட்டேன்மா," என்றாள் அத்தை.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார்: "காலையில யார்கிட்டயாவது நலம் கேக்கும்போது, பேரு, வீடு, பிள்ளைங்கன்னு முழுசா ஒரே மூச்சுல கேட்டு முடிக்க முடியுதான்னு பாருங்க. நடுவுல நின்னா, நீலத்தைப் போட்டுக்கிட்டு கிளம்பி வந்துடுங்க."

அத்தை தலையாட்டினாள். அவள் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

ஊரில் கதை வேறு மாதிரிப் பரவியது. பட்டதாரிதான் பார்த்த உடனே நோயைக் கண்டுபிடித்தான், பட்டதாரிதான் பேராசிரியரின் காரையே வரவழைத்தான், படிப்பென்றால் இதுதான். அப்பா இதைத் தேவாலய வாசலில் சொன்னார், மாவு மில்லில் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த பள்ளியிலும் எனக்கு முன்னால் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று மெச்சினார்கள்.

அத்தையைச் சமைக்கக் கூப்பிடுவது நின்றுபோனது. மூச்சுக்குத் தவித்ததை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். டிபி இல்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "இல்லதான்... எதுக்கும் இருக்கட்டும்," என்றார்கள்.

ஒவ்வொரு நாள் காலையும் பள்ளிக்குப் போகிற வழியில் அவள் வீட்டு முன்னால் நிற்பேன்.

"அட்யேரி அத்தை, எப்படி விடிஞ்சது?"

"நல்லா விடிஞ்சது பட்டதாரி அய்யா, வீட்டுல அப்பா சுகமா, அம்மா சுகமா, மாடு கன்னு சுகமா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சுகமா?"

ஒரே மூச்சு. எங்கும் திக்கவில்லை. மார்பு நிறையக் காற்று இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை. அன்றைக்கு அவளால் முடியவில்லை. நான் அதை மறுப்பு என்று நினைத்தேன். இப்போது முடிகிறது. நாலு மாதம், ஒரு நாள் தவறாமல், பட்டதாரி அய்யா.

கபாஹூமாவின் மகள் கல்யாணம் வந்தது. யார் என்ன சொன்னாலும் ஃபிரிந்தா அட்யேரிதான் கடைவாள் என்று கபாஹூமா ஒற்றைக் காலில் நின்றாள். அடுப்பு வெட்டவெளியில், காய்ந்த விறகு, அத்தை காற்று வருகிற பக்கம் உட்கார்ந்திருந்தாள். வேலையைத் தொடங்குமுன் எல்லார் எதிரிலும் உப்பு டப்பாவைத் திறந்து, பம்பை எடுத்துப் பாட்டிலில் செருகி, இழுத்தாள். வாழைத் தோட்டத்துக்குள் போகவில்லை.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி தட்டை நகர்த்தி வைத்தாள். "சமைக்கிறவ எதையோ இழுக்கறா, பாத்தீங்களா? எனக்கு வேணாம்பா." பக்கத்தில் இருந்தவளும் நகர்த்தினாள். இன்னொருத்தியின் கை தட்டுக்கும் மடிக்கும் நடுவில் நின்றது. அடுப்படியில் அத்தை அகப்பையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பந்தியும் எழுந்துவிட்டால் அவளுக்கு அடுத்த அடுப்பு கிடையாது.

அப்பா எழுந்தார். "பயப்படாதீங்கம்மா. அது ஒட்டுற நோயில்ல. எங்க பையனே கண்டுபிடிச்சுச் சொன்னான். அன்னைக்கு மட்டும் அவன் இல்லன்னா..."

"அப்பா, நிறுத்துங்க," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது. நின்றுகொண்டிருந்தேன். "நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. அது இழுப்புக்கு மருந்து. பல வருஷமா அத்தை அந்த டப்பாவுலதான் வச்சிருந்தாங்க. என் விருந்துக்கு அதைக் கொண்டுவரக்கூடாதுன்னு சொன்னது நான். உங்கள மாதிரி ஆளுங்க பாத்தா எனக்கு அசிங்கம்னு சொன்னேன். தார்ப்பாயும் நான்தான் கட்டச் சொன்னேன். பதினோரு மணிக்கே அவங்களால பேச முடியல. நான் பாத்தேன். எம் பேரைச் சொல்லலன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன். டாக்டர் கேட்டப்பவும் சொல்லல."

அப்பா மெல்ல உட்கார்ந்தார். அவர் என்னைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கபாஹூமா மட்டும், "அடப்பாவி," என்றாள், கோபமாகக்கூட இல்லை. நான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணின் முன்னாலிருந்த தட்டை எடுத்து, நின்றபடியே ஃபிரிந்தாவைச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

அந்தப் பெண் என்னையும் தட்டையும் பார்த்தாள். பிறகு, "எனக்கு வேற தட்டு கொண்டாங்க, அதை இவன் எச்சி பண்ணிட்டான்," என்றாள். எங்கோ ஒருத்தர் சிரித்தார். கைகள் மெதுவாகத் தட்டுக்குத் திரும்பின. எல்லாக் கையும் இல்லை.

அடுப்படிக்குப் போனேன். அத்தை அடுத்த சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"பேசி முடிச்சிட்டியா?" என்றாள் கடைசியில்.

"முடிச்சிட்டேன் அத்தை."

"அன்னைக்கும் பந்தி நேரத்துலதான் பேசிக்கிட்டிருந்தே. இன்னைக்கும் பந்தி நேரம். சாப்பாடு ஆறினது தெரியுதா?" புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "அராலி, அந்த டப்பாவ எடு."

எடுத்துக் கொடுத்தேன். உப்பும் பம்பும் ஒன்றாகக் கிடந்தன. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.